பகடை மேஜை: ராஜாவுக்கு எத்தனை லெவல்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. கதையை நடத்துபவர் டி.எம்., மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம், அந்தப் பாத்திரம் எவ்வளவு பலசாலி என்று சொல்லும் எண் லெவல். போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "ராஜாவுக்கு லெவல் எழுதும்போதுதான் புது டி.எம். எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள்." அதற்கு வந்த கடிதங்கள் ஒரு பையை நிரப்பிவிட்டன. அதனால் இந்த மாதம் முழுக்க அரியணைக் கேள்விகள்தான். பூதம், புதையல் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். நான்தான் டி.எம். ராஜா கெத்தாக இருக்கட்டும் என்று 20ஆம் லெவல் ஃபைட்டராக (போர்வீரராக) எழுதினேன். டிராகனைக் கொன்று வரும்படி அவர் நம் ஆட்களை அனுப்பினார். "நாங்கள் வெறும் மூன்றாம் லெவல். அவரே போகலாமே?" என்று கேட்டுவிட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. ராஜாவுக்கு எத்தனை லெவல் வைக்க வேண்டும்?
கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: தம்பி, 1993-ல் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் என் அத்தை மகன் இதே கேள்வியை என்னிடம் கேட்டான். என் ராஜா 18ஆம் லெவல். நான் திருதிருவென்று விழித்துவிட்டு, "ராஜாவுக்கு மூட்டு வலி" என்றேன். அடுத்த நான்கு மாதம் அந்த மூட்டு வலியை வைத்தே ஓட்டினேன். எங்கே போனாலும் ராஜாவுக்குத் தைலம் வாங்கி வந்தார்கள். கடைசியில் எங்கள் கிளெரிக் (பூசாரி பாத்திரம்) மந்திரம் போட்டு வலியைக் குணமாக்கிவிட்டான். "இப்போ கிளம்பச் சொல்லு" என்றான்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பின்னால்தான் புரிந்தது. 1974-ல் வந்த முதல் விதிகளில் ஃபைட்டரின் ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பட்டம் இருந்தது. முதல் லெவலில் வெட்டரன், நான்கில் ஹீரோ, எட்டில் சூப்பர்ஹீரோ, ஒன்பதில் லார்டு. லார்டு ஆனவர் கோட்டை கட்டினால் அவருக்கு 'பாரன்' என்ற பிரபுப் பட்டம். 1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேடு இன்னும் கறாராகக் கணக்குப் போட்டது: காட்டைத் திருத்திக் கோட்டை கட்டிய ஃபைட்டருக்கு அங்கே குடியேறும் தலை ஒன்றுக்கு மாதம் ஏழு வெள்ளிக்காசு வருமானம். கவனித்தீர்களா? அங்கே லெவல் முதலில் வருகிறது, நிலம் பிறகு வருகிறது. சண்டை போட்டு மேலே வந்தவனுக்கான விதி அது. நாம் அதைத் திருப்பிப் போட்டுப் படித்துவிட்டோம். நிலம் வைத்திருப்பவர் எல்லாம் ஒன்பதுக்கு மேல், பெரிய நிலம் என்றால் இன்னும் மேல் என்று. ஆனால் பெரும்பாலான ராஜாக்கள் எந்தச் சண்டையிலும் ஜெயித்து வந்தவர்கள் அல்ல. அப்பா செத்தார், மகன் உட்கார்ந்தான்.

அதனால் நான் லெவலை யோசிப்பதற்கு முன்னால் இந்த ஆள் நாற்காலிக்கு எப்படி வந்தார் என்று ஒரு வரி எழுதிக்கொள்கிறேன். வாளால் பிடித்தவர் என்றால் ஒன்பதோ பத்தோ வைப்பேன். பிறந்த உரிமையில் வந்தவர், வாள்பயிற்சி உண்டு, ஒன்றிரண்டு போரில் பின்வரிசையில் நின்றிருக்கிறார் என்றால் மூன்று, நான்கு. வணிகர்கள் கூடிப் பொறுக்கி வைத்தவர் என்றால் கிளாஸே (ஃபைட்டர், கிளெரிக் மாதிரியான தொழில்) வேண்டாம். டி.எம். எடுத்துப் பயன்படுத்தும் பூதங்கள், ஆட்களின் பட்டியல் புத்தகம் மான்ஸ்டர் மானுவல். ஐந்தாம் பதிப்பில் அதன் கடைசியில் 'நோபிள்' (பிரபு) என்று ஒரு ஆள் இருக்கிறார், ஒன்பது ஹிட் பாயிண்ட், அதாவது ஒன்பது சேதம் வரைதான் தாங்குவார். அவரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். 20 என்ற எண்ணை நீங்கள் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தால் ரப்பரை எடுத்து அழித்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது. சொல்லித் தொலைத்திருந்தால், ராஜா ஊரை விட்டு நகர முடியாததற்கு ஒரு காரணம் கொடுங்கள். மூட்டு வலி வேண்டாம், தம்பி ஒருவனைக் கொடுங்கள். இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்டு இதற்கு நல்ல பாடம். வாள் பிடிப்பதில் கெட்டிக்காரர். நம்மாட்கள் சொல்வதுபோல அவரே சிலுவைப் போருக்குக் கிளம்பிப் போனார். திரும்பும் வழியில் 1192 டிசம்பரில் வியன்னா பக்கம் பிடிபட்டார். மீட்க 1,50,000 மார்க் வெள்ளி கேட்டார்கள். 1194 வரை சிறை. அவ்வளவு நாளும் தம்பி ஜான் பிரெஞ்சு ராஜாவோடு சேர்ந்துகொண்டு அண்ணனின் நாற்காலிக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார். உங்கள் ராஜாவுக்கும் அப்படி ஒரு தம்பி இருந்தால், டிராகன் வேலைக்கு மூன்றாம் லெவல் ஆட்களை ஏன் அனுப்புகிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தம்பியைப் பற்றித்தான் கேட்பார்கள். அடுத்த மூன்று செஷனுக்கு வேலை ஆச்சு.

கேள்வி: எங்கள் கேம்பெய்னில் (தொடர்ந்து ஆடும் கதையில்) அநியாயமாக அரியணையைப் பிடித்த ராஜா ஒருவர், பத்தாம் லெவல் ஃபைட்டர். மாதக்கணக்காகத் திட்டம் போட்டு அவரை நூறடிக் கோபுரத்தில் இருந்து தள்ளிவிட்டோம். விழுந்தவர் எழுந்து தூசி தட்டிக்கொண்டு "காவலர்களே!" என்று கூப்பிட்டார். மேஜையே சிரித்தது, கதை அங்கேயே செத்தது. டி.எம். செய்தது சரியா?
நாகர்கோவில் வாசகி

பதில்: விதிப்படி உங்கள் டி.எம். செய்தது சரி. விதிதான் அப்படி. விழும் பத்தடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை சேதம். நூறடிக்குப் பத்துப் பகடை. சராசரி 35, எல்லாமே ஆறாக விழுந்தாலும் 60தான். பத்தாம் லெவல் ஃபைட்டர், கான்ஸ்டிடியூஷன் (உடல்வாகு) 14 என்றால் ஹிட் பாயிண்ட் சுமார் 84. அவர் சாக வழியே இல்லை. அதே இடத்தில் ஒன்பது பாயிண்ட் 'நோபிள்' விழுந்திருந்தால், நீங்கள் மாதக்கணக்காகக் கனவு கண்ட காட்சி கிடைத்திருக்கும்.

லெவல் கொடுக்கும்போது ஆளுக்குக் கத்தி குத்தாது, விஷம் பிடிக்காது என்று ஒரு பட்டயமும் சேர்த்தே எழுதிக்கொடுக்கிறோம். அரண்மனைக் கதைகளின் உயிரே தலையணைக்கடியில் கத்தி, கிண்ணத்தில் விஷம்தான். அந்தக் கதை வேண்டுமென்றால் ராஜா சாகக்கூடியவராக இருக்க வேண்டும். மேலே சொன்ன ரிச்சர்டையே பாருங்கள். 1199 மார்ச்சில் ஷாலூஸ் என்ற சின்னக் கோட்டையின் வெளியே கவசம் இல்லாமல் நடந்தார். மதில் மேலிருந்து வந்த குறுக்குவில் அம்பு ஒன்று தோளில் பாய்ந்தது. புண் அழுகி ஏப்ரல் 6 அன்று இறந்தார். அவரை 12ஆம் லெவல் ஃபைட்டராக நம் தாளில் எழுதினால் ஹிட் பாயிண்ட் 100. கனமான குறுக்குவில்லின் சேதம் ஒரு பத்துமுகப் பகடை. அந்த மனிதரை அந்த அம்பால் கொல்லவே முடியாது.

ஹிட் பாயிண்ட் என்றால் சதை மட்டும் கிடையாது, அதிர்ஷ்டமும் திறமையும் சேர்ந்தது என்று 1979-லேயே, இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் டி.எம். கையேட்டில் விளக்கம் கொடுத்துவிட்டார். வாள்சண்டைக்கு அந்த விளக்கம் பொருந்தும். நூறடிக் கோபுரத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் மேஜையில் ஒரு வீட்டு விதி வைத்திருக்கிறேன்: தூங்குபவரை, கட்டிப்போட்டவரை, எதிர்பார்க்காமல் தள்ளப்பட்டவரைக் கொல்லப் பகடை உருட்ட வேண்டாம். இது ஆட்டக்காரர்களுக்கும் பொருந்தும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு என் ஆட்கள் சத்திரத்தில் அறை எடுத்தால் முதலில் தாழ்ப்பாளைத்தான் விசாரிக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. மூட்டு வலி ராஜாவுக்குப் பிறகு நான் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். அடுத்த ராஜாவுக்கு லெவலே கிடையாது, நான்கு ஹிட் பாயிண்ட். இரண்டாவது செஷனில் எங்கள் திருடன் அவர் கழுத்தில் கத்தியை வைத்து, "கஜானா சாவியைக் கொடு" என்றான். சபையில் அத்தனை பேரும் மரம் போல நின்றார்கள், ஏனென்றால் அவர்களுக்கு நான் ஒன்றுமே எழுதி வைக்கவில்லை. ராஜாவிடம் மிச்சம் பிடிக்கும் லெவலைப் பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். காவல் தலைவருக்கு எட்டு, அரண்மனை கிளெரிக்குக்கு ஐந்து. கத்தி கழுத்துக்குப் போனதும் கிளெரிக் 'ஹோல்டு பெர்சன்' என்று சொல்லித் திருடனை அசையாமல் நிறுத்தியிருப்பார். எனக்கு அது அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது.

கேள்வி: ஒன்பது வயதுச் சிறுவன் ராஜாவாக இருந்தால் அவனுக்கு என்ன கிளாஸ், என்ன லெவல்?
பள்ளி ஆசிரியை, மதுரை

பதில்: டீச்சர், ஒன்றுமே வேண்டாம். பெயர், வயது, பயப்படும் விஷயம் ஒன்று, பிடித்த விஷயம் ஒன்று, யாரை நம்புகிறான் என்று ஒரு பெயர். ஐந்து வரி போதும். உழைப்பை எல்லாம் அந்தக் கடைசிப் பெயருக்குக் கொடுங்கள்.

உங்கள் கேள்வியில் ஒன்பது வயது என்று பார்த்ததும் எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. 1216 அக்டோபரில் இங்கிலாந்தில் மூன்றாம் ஹென்றி ராஜாவானபோது அவருக்குச் சரியாக ஒன்பது வயது. பாதி நாடு பிரெஞ்சு இளவரசர் லூயி கையில். பையனைக் காப்பாற்றும் பொறுப்பை ஏற்றவர் வில்லியம் மார்ஷல், எழுபதை ஒட்டிய கிழவர். இளமையில் போட்டிக் களங்களில் எதிராளிகளைப் பிடித்து வைத்துப் பணம் வாங்கியே பிழைத்தவர். நம் பாஷையில் சொன்னால் அக்மார்க் சாகசக்காரர். 1217 மே 20 அன்று லிங்கன் நகரச் சண்டையில் அவரே குதிரையில் முன்னால் பாய்ந்தார். பாய்கிற அவசரத்தில் தலைக்கவசத்தை மறந்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர் ஞாபகப்படுத்திய பிறகு வாங்கி மாட்டிக்கொண்டாராம். சண்டை ஜெயித்தது, பையனின் நாற்காலி நின்றது.

அவருக்கு நான் 14ஆம் லெவல் ஃபைட்டர் எழுதுவேன். மூன்றாம் பதிப்பு ஆடுகிறவர்களுக்கு இதில் ஒரு சுவை இருக்கிறது. அந்த விதிப்படி மனிதருக்கு 70 வயது ஆனால் முதுமையின் கடைசிப் படி. பலம், வேகம், உடல்வாகு ஒவ்வொன்றிலும் மொத்தம் ஆறு குறையும், அறிவு, விவேகம், கவர்ச்சி ஒவ்வொன்றிலும் மூன்று கூடும். லெவல் மட்டும் குறையாது. தலைக்கவசத்தை மறக்கும் கிழவர் குதிரையில் ஏறினால் எதிரி ஏன் நடுங்குகிறான் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு நான் பார்த்ததில்லை.

கேள்வி: மூன்றாம் பதிப்பில் 'அரிஸ்டோக்ராட்' என்று ஒரு கிளாஸ் இருக்கிறதே, அதை யாராவது பயன்படுத்துகிறார்களா?
சேலம் வாசகர்

பதில்: நான் பயன்படுத்துகிறேன். எல்லா ஆயுதக் கவசப் பயிற்சியும் ஓரளவு உண்டு, பேச்சுத் திறமைகள் உண்டு, மன உறுதி சேவ் (மந்திரம் மாதிரி ஆபத்தில் இருந்து தப்ப உருட்டும் பகடை) நன்றாக இருக்கும். பிரபுவுக்கு வேறென்ன வேண்டும்? அதே பதிப்பின் டி.எம். கையேட்டில் ஊர்வாரியாக ஆள் கண்டுபிடிக்கும் அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள். பெரிய டவுன் ஒன்றில் இருப்பதிலேயே உயர்ந்த அரிஸ்டோக்ராட்டுக்கு ஒரு நான்குமுகப் பகடை உருட்டி மூன்றைக் கூட்ட வேண்டும், நான்கு முதல் ஏழு வரை. உயர்ந்த காமனருக்கு (சாதாரண ஊர்க்காரருக்கு) நான்கு நான்குமுகப் பகடை, கூட்டல் மூன்று. ஏழு முதல் 19 வரை! பிரபு ஐந்தாம் லெவல், அவருக்குக் கத்தரிக்காய் விற்கிறவர் 15ஆம் லெவல். ஒருமுறை இப்படி உருண்டு வந்த காய்கறிக்காரரை அப்படியே ஊர் நடுவில் உட்கார வைத்தேன். ஒரு கைகலப்பில் என் ஆட்கள் நாலு பேரையும் முறத்தாலேயே சாத்திவிட்டார்.

கேள்வி: மந்திரவாதிகள் அவ்வளவு சக்தி உள்ளவர்கள் என்றால் எல்லா நாட்டையும் அவர்களே ஆளலாமே? ஃபைட்டர் ராஜாவை ஒரு முதல் லெவல் விசார்டே வசியம் செய்துவிடுவான் அல்லவா?
கோவை வாசகர்

பதில்: செய்துவிடுவான். கணக்கைப் பாருங்கள். முதல் லெவல் விசார்டின் 'சார்ம் பெர்சன்' மந்திரத்தைத் தாண்ட, ஐந்தாம் பதிப்பில் விஸ்டம் (விவேகம்) சேவ் 13 வேண்டும், அதாவது இருபதுமுகப் பகடையும் விவேகத்துக்கான கூட்டலும் சேர்ந்து 13 வர வேண்டும். ஃபைட்டருக்கு விஸ்டம் சேவில் பயிற்சி கிடையாது. 20ஆம் லெவல் ஃபைட்டர் ராஜா, விஸ்டம் 10 என்றால், இருபதில் 12 முறை முதல் உருட்டலில் தோற்பார். ஒன்பது பாயிண்ட் 'நோபிள்' இருக்கிறாரே, அவருக்கு விஸ்டம் 14. அவர் பத்து முறைதான் தோற்பார். ஃபைட்டருக்கு ஒன்பதாம் லெவலில் இருந்து மறுபடி உருட்டும் வாய்ப்பு உண்டுதான், அதை அவர் தினமும் சபையில் செலவு செய்துகொண்டிருக்க முடியாது. ராஜாவுக்குக் கட்டாயம் ஒரு கிளாஸ் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு ஆறாம் லெவல் பாலடின் (சத்தியம் எடுத்துக்கொண்ட புனித வீரர்). தன் கவர்ச்சிக்கான கூட்டலை எல்லா சேவிலும் சேர்த்துக்கொள்வார், பக்கத்தில் நிற்பவருக்கும் கிடைக்கும். ஒரு ஆறுதல்: ஐந்தாம் பதிப்பில் இந்த வசியம் ஒரு மணி நேரம்தான். முடிந்ததும் தன்னை வசியம் செய்தார்கள் என்பது ராஜாவுக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் எல்லையைத் தாண்டத் தெரியாத விசார்டு முயற்சி செய்யாமல் இருப்பதே நல்லது.

மந்திரவாதிகளே ஆளும் நாடுகளும் விளையாட்டு உலகங்களில் உண்டு. மிஸ்டாரா உலகத்தின் கிளாண்ட்ரியில் மந்திரம் தெரியாதவர் பிரபுவாகவே முடியாது, கிளெரிக்குகளுக்கு அங்கே மரண தண்டனை. அதே உலகத்தின் ஆல்ஃபேஷியா பேரரசில் ஆலோசனை சபையில் ஆயிரம் பேர், ஆயிரம் பேரும் 36ஆம் லெவல் விசார்டுகள். படிக்க ஜோராக இருக்கும். ஆட உட்கார்ந்தால், ஐந்தாம் லெவல் ஆட்டக்காரர் அங்கே என்ன செய்வார்? காபி கொண்டு போய்க் கொடுக்கலாம். 1991-ல் வந்த டார்க் சன் என்ற விளையாட்டு உலகம் இதைச் சாமர்த்தியமாகச் செய்தது. நகரத்துக்கு ஒரு மந்திரவாதி ராஜா, எல்லோரும் இருபதைத் தாண்டியவர்கள், நேரில் மோதினால் கதை முடிந்தது. ஆனால் ஆட்டக்காரர்கள் தினமும் மோதுவது ராஜாவின் டெம்ப்ளர்களோடு, அதாவது அவருக்காக ஊரை நடத்தும் பூசாரி அதிகாரிகளோடு. அவர்களின் மந்திரமே ராஜா கொடுப்பது. ராஜா மேலே வானிலை மாதிரி இருக்கிறார், நனைவது கீழே இருப்பவர்கள்.

நான் பெரும்பாலும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற விளையாட்டு உலகத்தின் கார்மிர் நாட்டு ஏற்பாட்டைத்தான் காப்பியடிப்பேன். அங்கே அசூன் ராஜா வாள் பிடிக்கிறவர், மந்திரமெல்லாம் அரண்மனை மந்திரவாதி வாங்கர்டகாஸ்ட் பொறுப்பு. கிழவருக்கும் ராஜாவுக்கும் நடுவே நடக்கும் இழுபறி இருக்கிறதே, அதற்கு எந்த லெவலும் எழுத வேண்டாம். தானாக ஓடும்.

கேள்வி: ராஜாவைப் பார்ப்பது போதும், நாங்களே ராஜாவாக ஆட வேண்டும். 20ஆம் லெவல் வரை காத்திருக்க வேண்டுமா?
மூன்று நண்பர்கள், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். 1995-ல் வந்த பர்த்ரைட் என்ற உலகத்தைத் தேடிப் பிடியுங்கள். முதல் லெவலிலேயே ஆட்டக்காரர்கள் நாட்டை ஆளலாம். அங்கே ஆளும் தகுதி ரத்தத்தில் வருகிறது, லெவலில் இல்லை. மூன்று மாதம் ஒரு சுற்று, வரி வசூலிப்பது, படை திரட்டுவது, பக்கத்து நாட்டுக்குத் தூது அனுப்புவது எல்லாம் அதற்குள். கிளாஸுக்கும் அங்கே அர்த்தம் உண்டு: கோயில்களில் இருந்து வரும் ஆட்சிப் பலம் பூசாரிக்கு, வணிகக் கழகங்களில் இருந்து வருவது திருடனுக்கு, நிலத்தின் மந்திர ஊற்றுகளில் இருந்து வருவது விசார்டுக்கு. ராஜாவுக்குக் கிளாஸ் எதற்கு என்ற கேள்விக்கு நான் பார்த்ததில் உருப்படியான பதில் அதுதான். அந்தக் கிளாஸ் அவருக்கு எந்தக் கதவில் இருந்து பணமும் பலமும் வருகிறது என்று சொல்கிறது.

கேள்வி: தாலுகா அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் வேலை பார்த்தவர் நீங்கள். கலெக்டருக்கு எத்தனை லெவல்?
குறும்புக்கார வாசகர், திருச்சி

பதில்: கலெக்டருக்கு இரண்டு. வாசலில் தலைப்பாகையோடு நிற்கும் டவாலிக்குப் பதினொன்று. ஒருநாளாவது மனுவோடு போயிருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கேள்வி: இப்போது உங்கள் மேஜையில் யார் ராஜா? அவருக்கு எத்தனை லெவல் வைத்திருக்கிறீர்கள்?
பெயர் வேண்டாம் என்று எழுதியவர், புதுக்கோட்டை

பதில்: ஒரு ராணி. விதவை, வயது 46, உப்பு வரியைப் பற்றிப் பேசினால் கோபம் வரும். அவருடைய தாள் ஒரு போஸ்ட் கார்டு அளவு. லெவலை மட்டும் இங்கே சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மாடியில் உட்காரும் ஐந்து பேரில் ஒருவர் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறார் என்று தெரியும், போன வாரம் அவர்தான் ராணியின் கோபுரம் எத்தனை அடி உயரம் என்று கேட்டார்.